டாபிக்கு ஏழு நாள்

டாபியைக் கடிக்காமல் இருக்கப் பழக்குவதற்கு அப்பா எனக்குக் கொடுத்தது ஏழு நாள். ஒரு வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளிக்கிழமை வரை. அதற்குள் அது இன்னொரு தடவை யார் மேலாவது பல்லை வைத்தால் வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். வந்த இடத்தில் அதற்கு என்ன காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

நாங்கள் சிங்கப்பூரில், டன்லப் ஸ்ட்ரீட்டில் ஒரு கைலிக் கடையின் மாடியில் குடியிருந்தோம். கடையும் வீடும் ஒரு பாய்க்குச் சொந்தம். தெருவே அவரைப் பாய் என்று கூப்பிட்டதால் அவருக்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மனைவியையும் ஆறு பிள்ளைகளையும் நாகூர்ப் பக்கம் விட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த அறையில் தனியாக இருந்தார். எங்கள் மாடிப்படி நேராகக் கடை வாசலில், கடைகளுக்கு முன்னால் கூரைக்கு அடியில் ஓடும் ஐந்தடிப் பாதையில் போய் இறங்கும். வெள்ளிக்கிழமை பன்னிரண்டேகால் மணிக்கு அவர் குளித்து, வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக அந்தப் படியைத் தாண்டித்தான் பள்ளிவாசலுக்குப் போவார். அத்தர் வாசனை மாடி வரைக்கும் வரும்.

எனக்குப் பள்ளிக்கூடம் மத்தியானம். நானும் அதே நேரத்தில்தான் கிளம்புவேன். அந்த வெள்ளிக்கிழமை நான் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. டாபி என் கால்களுக்கு நடுவே புகுந்து, பாதிப் படி ஓடி, மீதிப் படி உருண்டு, கீழே போய் விழுந்தது. விழுந்த இடத்தில் பாயின் கைலி விளிம்பு ஆடிக்கொண்டிருந்தது. அதைக் கவ்வியது. கந்தல் துணியைக் கடித்து உதறுவது போலத் தலையை இப்படியும் அப்படியும் உதறியது. பாய் காலை இழுத்தார். அது கைலியை விட்டுவிட்டுக் குதிகாலைப் பிடித்தது.

நான் ஓடிப் போய்த் தூக்கினேன். வெள்ளைக் கைலியில் எச்சில் ஈரம். குதிகாலில் குண்டூசி குத்தினாற்போல இரண்டு சிவப்புப் புள்ளிகள். எதிரே கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

பாய் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கடைக்குள் திரும்பிப் போனார். பின்கட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, தொட்டியில் இருந்த மருதாணிச் செடியடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் காலைத் தேய்த்துக் கழுவினார். பிறகு வெறும் தண்ணீரில் கழுவினார். மறுபடியும், மறுபடியும். ஏழு தடவை எண்ணினேன். நாய் வாய் வைத்தால் அப்படிக் கழுவ வேண்டும் என்பது அவர்கள் முறை. எனக்கு அது தெரியாது. டாபியின் வாயில் விஷம் இருக்கிறது, பாய் செத்துப்போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் வேறு கைலி கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது தெருவில் தொழுகைக்குப் போகிற கூட்டம் ஓய்ந்திருந்தது. அந்த வாரம் அவர் பிந்திப்போனார்.

பாய் அப்பாவிடம் சொல்லவில்லை. கோப்பிக்கடையில் இருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஜாலான் புசாரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பது அப்பாவின் வேலை. சாயங்காலம் சைக்கிளை நிறுத்திவிட்டு மாடிக்கு வராமல் நேரே கடைக்குள் போனார். படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"வாயில்லாத ஜீவன் தம்பி, அதுக்கு என்ன தெரியும்? கழுவினேன், போச்சு. விடுங்க" என்றார் பாய்.

அதற்கு வாய் இருந்ததுதான் எங்கள் பிரச்சினையே.

அப்பா மேலே வந்து சட்டையைக் கழற்றாமலே நின்றார். "பாய் பெரிய மனுஷன். அதுக்காக நாம சின்ன மனுஷங்களா நடந்துக்கக் கூடாது" என்றார். "அடுத்த வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போற வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள யார் மேலயாவது பல்லு பட்டுச்சு, மாமாவை வரச் சொல்லி எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவேன்."

என்னிடம்தான் சொன்னார். ஆனால் கண் உள்ளறைப் பக்கம் இருந்தது. உள்ளறையில் அம்மா கோரைப்பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

அம்மா அப்படிப் படுக்க ஆரம்பித்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போனவள், தம்பிப் பாப்பா இல்லாமல் திரும்பி வந்தாள். இரண்டு நாள் இருந்தானாம். நான் பார்க்கவில்லை. "தம்பி தங்கலம்மா" என்று அப்பா என்னிடம் ஒரே வரியில் சொன்னார். பிறகு அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா காலையில் எழுந்து சோறு வடித்து, தனக்கு அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு மூடி வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் சிராங்கூன் ரோட்டில் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வருவார். அம்மா அதைத் தலையில் வைத்துக்கொள்ளாமல் உள்ளே எடுத்துப் போவாள். பூவை யாருக்கும் காட்டாமல் அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குக் கோபமாகக்கூட வந்தது. பால் கட்டாமல் இருக்க மார்பில் மல்லிகை வைத்துக் கட்டுவார்கள் என்பதை நான் தெரிந்துகொள்ள இன்னும் பல வருஷங்கள் இருந்தன.

பூ வாங்குவது நின்றதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் தம்பி சாங்கியிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒரு பிரம்புக் கூடையை மேல்துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வீட்டில் அவருக்குத் தோட்ட வேலை. துண்டை எடுத்ததும் கூடைக்குள் வெள்ளை உடம்பும் பழுப்புக் காதுமாக ஒரு குட்டி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும் அதன் வயிறு.

"துரை வீட்டுல எல்லாரும் கப்பல் ஏறிட்டாங்க அத்தான்" என்றார் மாமா. "தாய் நாயை யாரோ கேட்டு வாங்கிக்கிட்டாங்க. குட்டிங்க மட்டும் அப்படியே கெடக்குது. நாய் வண்டி வந்தா அள்ளிக்கிட்டுப் போயிடுவான் லா. அப்புறம் ஒரே டுமீல்தான்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா சொன்னேன் பாப்பா" என்றார். ஆனால் தெருநாய்களைச் சுடுவதை நான் ரேஸ்கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒருமுறை தூரத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் சும்மா சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும்.

"பாப்பாவுக்கு விளையாட இருக்கட்டும்" என்று சொல்லி, மாமா குட்டியைத் தூக்கி என் மடியில் வைக்காமல், உள்ளறைக்குள் போய் அம்மாவின் முதுகுப் பக்கம் பாயில் விட்டார். மாமாவுக்கு எதையும் வைக்கவேண்டிய இடத்தில் வைக்கத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். ஓடிப் போய் என் குட்டியை எடுத்துக்கொண்டேன். துரையம்மா அதற்கு டாபி என்று பேர் வைத்திருந்தாளாம். அந்தப் பேரே இருந்துவிட்டது.

டாபி கடிக்காத பொருள் எங்கள் வீட்டில் இல்லை. நாற்காலிக் கால், விளக்குமாறு, என் பென்சில், அப்பாவின் செருப்பு வார், அரிவாள்மணையின் கட்டை. பொருள் கிடைக்காவிட்டால் விரல். விரல் எட்டாவிட்டால் கணுக்கால். கோபத்தில் கடிக்கவில்லை, வாலை ஆட்டிக்கொண்டே கடிக்கும். அதுதான் பெரிய கஷ்டம். கோபமாக இருந்தால் சமாதானம் செய்யலாம். சந்தோஷமாக இருக்கிறவனை என்ன சொல்லி நிறுத்துவது?

சனிக்கிழமை, குட்டியைக் கொண்டுவந்த அன்று மாமா சொல்லிவிட்டுப் போன வழியைச் செய்து பார்த்தேன். பேப்பரைச் சுருட்டி மூக்கில் ஒரு தட்டு. அச்சகத்தில் பிழையாகிப்போன தாள்கள் வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. ஒன்றைச் சுருட்டித் தட்டினேன். அதை விளையாட்டு என்று நினைத்துத் தாளைப் பிடுங்கித் தின்றது. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். மேசைக்கு அடியில் போய் நடுங்கியது. கையை நீட்டி வெளியே இழுத்தபோது முன்னைவிட அழுத்தமாகக் கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெளியே போயிருந்த நேரத்தில் நாற்காலிக் காலில் மிளகாய் அரைத்துப் பூசினேன். டாபி நக்கிவிட்டு, தும்மி, வீடு முழுக்க வட்டமடித்து, கீழே முகத்தைத் தேய்த்துக்கொண்டு ஊளையிட்டது. பயந்துபோய் நானும் அழுதேன். அப்போது உள்ளறையிலிருந்து அம்மா எழுந்து வந்தாள். யாரும் கூப்பிடாமல் அவள் எழுந்து வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். டாபியைத் தூக்கி, பாலைத் துணியில் நனைத்து அதன் நாக்கைத் துடைத்தாள். வேலை முடிந்ததும் அதைக் கீழே விடாமல் தன்னோடு படுக்கைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் ஆனதும் அப்பாவின் சோதனை. கை கால் கழுவிவிட்டு வந்து, "கையக் காட்டு" என்பார். விளக்குக்கு அடியில் என் கைகளைப் புரட்டிப் பார்ப்பார். பிறகு கால். சனிக்கிழமைக் கடி கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. அதன்மேல் பேனா மையைக் கொட்டித் தேய்த்திருந்தேன்.

"என்ன இது?"

"பேனா ஒழுகிடுச்சுப்பா."

நாள் முழுக்க மையில் கை வைத்திருப்பவரிடம் அந்தப் பொய். அவர் என் கட்டைவிரலை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துல வேற பேனா கேளு" என்று விட்டுவிட்டார். தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு நாளும் இதையே சொல்ல முடியாதே. ஞாயிற்றுக்கிழமை இரவு படுத்தபோது மிச்சமிருந்த நாட்களை விரலில் எண்ணினேன். ஒரே கைக்குள் அடங்கிவிட்டன.

வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. திங்கட்கிழமை காலை டாபி என் சுண்டுவிரலை நகத்தோடு சேர்த்துக் கடித்தது. உயிர் போகிற வலி. "ஆ!" என்று கத்தினேன். அடிக்கவோ விரட்டவோ தெம்பில்லாமல் அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி முழங்காலில் முகத்தைப் புதைத்து உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பின்னால் சத்தமே இல்லை. பிறகு இடுப்பில் மூக்கு இடித்தது. சுற்றி வந்து என் முகத்தைத் தேடியது. கடித்த விரலை நக்கியது.

இன்னொரு தடவை செய்து பார்த்தேன். விரலைக் கொடுத்தேன், பல் அழுத்தியதும் கத்தினேன், சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். மறுபடியும் வந்து நக்கியது. பத்துத் தடவைக்கு மேல் ஆன பிறகு, பல்லை வைத்துவிட்டு அழுத்தாமல் என் முகத்தைப் பார்த்தது. அடித்தும் கடிப்பதை விடாத குட்டி, நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதைத் தாங்கவில்லை. கடிக்கிற ஆசை தீர்வதற்குப் பழந்துணியை முடிச்சுப் போட்டுத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தேன். அதைக் கடித்துக்கொண்டே தூங்கியது. அன்று பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்து போகவில்லை. குதித்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் திரும்பி வந்தால், டாபி பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. கத்தினேன். விடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். முதுகில் ஏறி ஜடையைக் கடித்து இழுத்தது. காலையில் படித்த பாடம் ஒன்றுகூட மிச்சமில்லை.

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. காலையில் மூன்று மணி நேரம் பழக்கினேன். நான் கிளம்பும்போது நல்ல பிள்ளை. ஆறு மணிக்கு வந்து பார்த்தால் பழைய டாபி. அன்றைக்குக் கணுக்காலில் பல் பதிந்துவிட்டது. கொசு கடித்துச் சொறிந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எண்ணெய் தடவு" என்றார்.

நான் இல்லாத ஆறு மணி நேரத்தில் வீட்டில் ஏதோ நடக்கிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டில் இருப்பதோ அம்மா மட்டும். அவளிடம் கேட்டேன்.

"நான் போனப்புறம் டாபி என்னம்மா பண்ணுது?"

"தூங்குது" என்றாள் அம்மா.

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மழை கொட்ட ஆரம்பித்தது. கால்வாய் நிரம்பி வாசல் வரை தண்ணீர் வந்துவிட்டது. இன்னும் ஏறினால் வீடு போய்ச் சேரமுடியாது என்று, மழை விட்டதும் டீச்சர் எங்களை அனுப்பிவிட்டார். முழங்கால் தண்ணீரில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். செருப்பைக் கையில் பிடித்திருந்ததால் படியேறும் சத்தம் கேட்டிருக்காது. கதவு தாழிடாமல் இருந்தது.

உள்ளறை ஜன்னலுக்கு அடியில் அம்மா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் டாபி மல்லாந்து கிடந்தது. அம்மாவின் இடது கை அதன் வாயில் இருந்தது. அது நறநறவென்று விரல்களைக் கடித்தது. பிறகு கடிப்பதை விட்டுச் சப்பியது. மறுபடியும் கடித்தது. அம்மா கையை இழுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கடிச்சுக்கோ" என்றாள். "கடிச்சுக்கோடா."

என் கையிலிருந்து செருப்பு விழுந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். அவள் கையை நான் அப்போதுதான் பார்த்தேன். புறங்கை முழுவதும், விரல் இடுக்கு முழுவதும், சிவப்பும் பழுப்புமாகப் பல் தடம். புதிய தடம், பொருக்குத் தட்டிய தடம், ஆறிப்போன தடம். அப்பா தினமும் விளக்கடியில் என் கையைத்தான் புரட்டிப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்க்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சோறு போடும்போது அவள் எப்போதும் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பாத்திரத்தைப் பிடிப்பாள். சூட்டுக்கு என்று நினைத்திருந்தேன்.

"நீதான் கெடுக்கிறியா?" என்று கத்தினேன். "காலையிலேர்ந்து நான் சொல்லிக் குடுக்கறேன், மத்தியானம் நீ கெடுக்கிறே! வெள்ளிக்கிழமை அதை அனுப்பிடுவாங்கம்மா! உனக்குத் தெரியாதா?"

"அது சின்னது. பல்லு மொளைக்குது. ஈறு ஊறும்" என்றாள்.

"வலிக்கலையா உனக்கு?"

"வலிக்குது."

சொல்லிவிட்டும் அவள் கையை எடுக்கவில்லை. நான் போய் டாபியைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அம்மாவின் விரலில் ரத்தம் கசிந்தது. அவள் அதை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பாகிட்ட சொல்லாத" என்றாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. அம்மாவுக்கு டாபி வேண்டாம். அது கெட்டுப்போக வேண்டும், அப்பா அதை அனுப்ப வேண்டும், வீடு மறுபடியும் சத்தமில்லாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் வலியைப் பொறுத்துக்கொண்டு கையைக் கொடுக்கிறாள். ஒன்பது வயதில் அதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அன்று மாலை முழுக்க அம்மாவோடு பேசவில்லை. அப்பா என் கையைப் பார்த்தபோது அதில் ஒன்றுமில்லை. "பரவாயில்லையே" என்றார்.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன், வயிற்றுவலி என்றேன். அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார். கிளம்புகிறபோது டாபியைச் சமையல்கட்டில் வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே நாற்காலியை முட்டுக் கொடுத்தேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்தபோது நாற்காலி அதன் இடத்தில் இருந்தது. டாபி அம்மாவின் காலடியில் இருந்தது.

அன்று சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ரசம் ஊற்றினாள். சேலைத் தலைப்பு நழுவியது. அப்பாவின் கை தட்டில் நின்றுவிட்டது.

"கையில என்ன?"

"கத்தி பட்டுடுச்சு."

"இத்தனை தடவையா?"

அம்மா தலைப்பை இழுத்து மூடப் பார்த்தாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்கு நேரே கொண்டுவந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை மெதுவாக விட்டார்.

"போதும்" என்றார். "எதிர்க்கடையிலேர்ந்து மச்சானுக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன். காலையில வந்து கூடையில எடுத்துட்டுப் போகட்டும்."

டாபி மேசைக்கடியில் ஈரத்துணியைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்குத் தன்னைப்பற்றித்தான் பேச்சு என்று தெரியாது. எனக்கு ரேஸ்கோர்ஸ் ரோட்டில் கேட்ட சத்தம் காதில் விழுந்தது. அம்மா சொல்லாதே என்று சொன்னது அதற்குமேல் எனக்கு நினைவில்லை.

"டாபி மேல தப்பில்லை!" என்று எழுந்து நின்றேன். "அம்மாதான் கையக் குடுக்கறாங்க! நான் பள்ளிக்கூடம் போனதும் தினமும் மடியில போட்டுக்கிட்டு வாயில கைய வச்சுக் குடுக்கறாங்க! கடிச்சுக்கோடான்னு சொல்றாங்க! நான் பார்த்தேன்!"

ரசம் தட்டின் ஓரம் வரை ஓடி நின்றது. அப்பா அம்மாவைப் பார்த்தார். இதுவரை அவளை யாரோ மறைத்துக்கொண்டு நின்றது போலவும், இப்போதுதான் விலகியது போலவும் பார்த்தார். அவர் அவளைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "கை சும்மா இருக்குதுங்க" என்றாள். "என்ன செய்யறதுன்னு தெரியலை."

அப்பா கையைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். போன் போடப் போகிறார் என்று ஜன்னலுக்கு ஓடினேன். அவர் எதிர்க்கடைக்குப் போகவில்லை. ஐந்தடிப் பாதைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாய் கடையைச் சாத்துவதற்குப் பலகை அடுக்கிக்கொண்டிருந்தார். பலகையைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தார். அப்பா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. பேச்சு அதிகம் இருந்ததாகவும் தெரியவில்லை. பாய் அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை வெகுநேரம் அங்கேயே இருந்தது. டாபியை அனுப்பச் சொல்லி அவர் கேட்கிறார், அப்பா ஒத்துக்கொள்கிறார் என்றே எண்ணினேன். டாபியைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

காலையில் கண்விழித்தபோது வீட்டில் கூடை இல்லை, மாமா இல்லை. டாபி இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் வேலைக்குப் போயிருந்தார். அதுவே எனக்குப் பெரிய பயம். ஏழாவது நாள் இன்னும் முடியவில்லை. காலை முழுக்க டாபியைப் பழக்கினேன். அம்மா உள்ளறை வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணியைக் கிழித்துக் கையில் சுற்றியிருந்தாள். ஒரு தடவை டாபி அவளிடம் ஓடி விரலைக் கவ்வப் போனது. அவள், "ஆ" என்றாள். நான் கத்துவது போலவே கத்தினாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு அது பழகிய இடம்தான். டாபி திகைத்து நின்றது.

பன்னிரண்டேகால் மணிக்கு டாபியின் கழுத்தில் கயிறு கட்டிப் படிக்கு அழைத்து வந்தேன். மறைத்து வைத்தால் பழகியதாக ஆகாது; அப்பா கேட்டால் பாயே சாட்சி சொல்லவேண்டும் என்பது என் எண்ணம். கீழேயிருந்து நாலாவது படியில் உட்கார்ந்தேன். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அத்தர் வாசனை வந்தது.

பாய் வெள்ளைக் கைலியில் வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டாபி எழுந்தது. வால் ஆடியது. கைலியின் விளிம்பு காற்றில் லேசாக அசைந்தது. அது அசையாமல் இருக்கவேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். டாபி ஒரு படி இறங்கியது. கயிறு இறுகியது. வாயைத் திறந்தது.

"ஆ" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

டாபி திரும்பி என் முகத்தைப் பார்த்தது. கைலியைப் பார்த்தது. மறுபடியும் என்னைப் பார்த்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, பின்னங்காலை மடக்கி அந்தப் படியிலேயே உட்கார்ந்தது.

பாய் விலகியே நின்று கைலியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தாண்டினார். தாண்டிய பிறகு திரும்பிப் பார்த்தார்.

"கத்துக்கிச்சே!" என்றார். "உம்மா எப்படிம்மா இருக்காங்க?"

டாபியைப்பற்றி இன்னும் நாலு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். அம்மாவைப்பற்றி ஏன் கேட்கிறார் என்று புரியாமல், "இருக்காங்க" என்றேன்.

டாபியை மேலே விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். தெரு முனையில் அப்பா சைக்கிளில் எதிரே வந்தார். அந்த நேரத்தில் அவரைத் தெருவில் நான் பார்த்ததே இல்லை. தீர்ப்புச் சொல்லத்தான் வேலையை விட்டு வருகிறார் என்று நினைத்தேன். குறுக்கே போய் நின்றேன்.

"பாயைக் கடிக்கலைப்பா! அவரையே கேளுங்க! வாயைத் திறந்துச்சு, ஆனா மூடிக்கிச்சு!"

அப்பா சைக்கிளிலிருந்து இறங்கினார். "அப்படியா?" என்றார்.

"அனுப்பிடுவீங்களா?"

"இல்ல. இருக்கட்டும்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "சாப்பிட" என்றார். சைக்கிள் கைப்பிடியில் அடுக்குப் பாத்திரம் திறக்காமலே தொங்கிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு அவர் தினமும் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். வெயிலில் ஜாலான் புசாரிலிருந்து மிதித்து வந்து, அரைமணி நேரம் இருந்துவிட்டு, மறுபடியும் மிதித்துப் போவார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் அவரை நிறுத்தி, அன்றைய கணக்கை ஒப்பிப்பேன். இன்றைக்கு ஒரே தடவை, இன்றைக்கு நாற்காலிக் கால் மட்டும், இன்றைக்கு ஒன்றுமே இல்லை. அவர் ஒவ்வொரு நாளும் சைக்கிளைவிட்டு இறங்கி, கடைசி வார்த்தை வரை கேட்பார். "நல்லது, போய்ப் பார்க்கறேன்" என்பார். டாபி கடிப்பதை அறவே விட்டு, அதன் பால்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்த பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. ஒரு சின்ன நாய்க்காக இந்த மனிதர் இவ்வளவு கஷ்டப்பட வேண்டாமே, நான்தான் நன்றாகப் பழக்கிவிட்டேனே என்று எனக்கு அப்பாமேல் பரிதாபமாகக்கூட இருந்தது.